இருபத்து மூன்று ஈடு

என் தங்கை டெக்ஸாஸில், இர்விங் நகரத்தில் இருக்கிறாள். 2022 செப்டம்பரில், வயிற்றில் எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, "அக்கா, மூணு பேருக்கு ஒரு மாசத்துக்கு எத்தனை இட்லி வேணும்?" என்று கேட்டாள். ஆளுக்கு நாலு என்று வைத்தால் நாளைக்குப் பன்னிரண்டு. முப்பது நாளைக்கு 360. அவளிடம் இருக்கும் இட்லிப் பானையில் ஈட்டுக்குப் பதினாறு. ஆக, இருபத்து மூன்று ஈடு. கணக்கைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் அரிசி ஊறப்போடப் போய்விட்டாள்.

பேறுகாலத்துக்கு முன்னாலேயே காலைப் பலகாரங்களைச் சமைத்து ஃப்ரீசரில் அடுக்கிக்கொள்வது அமெரிக்காவில் ஊன்றிப்போன வழக்கம். முட்டையும் சீஸும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுருட்டிய பரீட்டோ, மஃபின் தட்டின் குழிகளில் ஊற்றி வேகவைத்த முட்டை, பான்கேக், பாலும் ஓட்ஸும் கலந்து ஓவனில் சுட்ட கட்டி என்று அதற்கென்றே ஒரு பலகார வரிசை உண்டு. கடைகள் இதை வெகு காலம் முன்பே செய்துவிட்டன. எகோ என்ற உறைந்த வாஃபிள் 1953-லேயே அங்கே விற்பனைக்கு வந்தது. ஆனால் கடையில் வாங்குவது வேறு, நிறைமாதத்துக்காரி வாரக்கடைசியில் நின்று நாற்பது பரீட்டோ சுருட்டுவது வேறு. இரண்டாவதற்கு ஒரு காரணம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் 1993-ஆம் ஆண்டுக் குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டம் தருவது 12 வாரம், அதுவும் சம்பளமில்லாமல். ஐம்பது பேருக்குக் குறைவாக உள்ள தனியார் நிறுவனங்களை அது கட்டுப்படுத்தாது. இந்தியாவில் 2017 திருத்தத்துக்குப் பிறகு, சட்டத்துக்கு உட்பட்ட இடங்களில் வேலை செய்யும் பெண்ணுக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கும் 26 வாரம் சம்பளத்தோடு கிடைக்கிறது. விடுப்பு சுருங்கிய இடத்தில் ஃப்ரீசர் பெருத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

தங்கை விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. தலைச்சன் பிறந்தது திருநெல்வேலியில், அம்மா வீட்டில். அப்போது அவள் அடுக்களைப் பக்கம் வரவே இல்லை. இரண்டாவது பேறுகாலத்துக்கு அம்மா டெக்ஸாஸ் போவதாக ஏற்பாடு. ஆனால் 2022 பிற்பகுதியில் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் பார்வையாளர் விசா நேர்காணலுக்கு ஓராண்டுக்கும் மேல் காத்திருக்க வேண்டிய நிலை. குழந்தை அதுவரை காத்திருக்காதே. அம்மா நிற்க வேண்டிய இடத்தில் அந்த வீட்டில் ஃப்ரீசர் வந்து நின்றது.

முதலில் அதன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இட்லிக்கு ஃப்ரீசர் நன்றாக ஒத்துப்போகிறது. வெந்த மாவுச்சத்து ஆறும்போது மறுபடி இறுகத் தொடங்கும். மிச்சமான இட்லி மறுநாள் விறைத்துக் கிடப்பது அதனால்தான். இந்த இறுக்கம், உறையும் நிலைக்குச் சற்று மேலே, அதாவது ஃப்ரிட்ஜின் 4 டிகிரிக் குளிரில்தான் வேகமாக நடக்கும். ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில் ஏறக்குறைய நின்றுவிடும். எனவே இட்லியை இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் கிடக்கவிட்டுப் பிறகு ஃப்ரீசருக்கு மாற்றுவது இரண்டுங்கெட்ட வேலை. ஆறின கையோடு உள்ளே போக வேண்டும். வெளியே எடுத்து, இளகக் காத்திருக்காமல் அப்படியே ஆவியில் ஏழெட்டு நிமிடம் வைத்தால் இறுகினது மறுபடி நெகிழ்ந்துவிடும். மைக்ரோவேவில் வைப்பவர்கள் ஈரத்துணி போட்டு மூடாவிட்டால் ரப்பரைத் தின்ன வேண்டியிருக்கும்.

எப்படி உறைகிறது என்பதும் முக்கியம். மெதுவாக உறைந்தால் உணவுக்குள் பெரிய பெரிய பனிப்படிகங்கள் உண்டாகி அதன் கட்டுக்கோப்பைக் கிழிக்கும். இளகும்போது தண்ணீர் விட்டுக்கொண்டு கொழகொழக்கும். 1910-களில் லாப்ரடாரில் இருந்த கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர், இனுயிட் மக்கள் பிடித்துப் போட்ட மீன் கடுங்குளிரில் சட்டென்று உறைவதையும், மாதங்கள் கழித்துச் சமைத்தாலும் புது மீன்போல இருப்பதையும் கவனித்தார். இன்றைய உறைந்த உணவுத் தொழில் பெரும்பாலும் அந்தக் கவனிப்பிலிருந்து கிளைத்தது. வீட்டில் நமக்கு வாய்ப்பது, இட்லிகளைத் தட்டில் ஒட்டாமல் பரப்பி முதலில் உறையவைத்து, அப்புறம் பையில் போட்டுக் காற்றைப் பிழிந்து மூடுவது. மொத்தமாக அள்ளிப் பையில் போட்டால் பாறாங்கல்லாகிவிடும். நாலு வேண்டுமென்றால் சுத்தியலைத் தேட வேண்டும்.

நம் ஊர் ஒற்றைக்கதவு ஃப்ரிட்ஜின் மேல்மூலையில் இருக்கும் ஐஸ்பெட்டியை நம்பி இதில் இறங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பெட்டிகள் பலவற்றால் மைனஸ் 18-ஐ எட்டிப்பிடித்து நிலைநிறுத்த முடியாது. கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்கள் மின்சாரச் சிக்கனத்துக்கானவை. குளிருக்கானவை என்று நினைத்துவிடக் கூடாது.

இட்லிக்கு அடுத்தபடி என் கணிப்பில் முதலிடம் உப்புமாக் கொழுக்கட்டைக்கு. பரீட்டோவுக்கு ஏன் இத்தனை மவுசு? ஒரு கையில் குழந்தை இருக்க, மறு கையால் தட்டில்லாமல் சாப்பிடலாம். கொழுக்கட்டையும் அதே காரியத்தைச் செய்கிறது, சீஸ் ஒழுகாமல். இடியாப்பம் பரவாயில்லை. வெண்பொங்கல் கல்லாய் இறுகும், ஆனால் வெந்நீரும் நெய்யும் விட்டுக் கிளறினால் ஆள் திரும்பிவிடுவார். முந்திரியை மட்டும் பரிமாறும்போது வறுத்துப் போட வேண்டும். சாம்பாரை உறையவைத்தால் முருங்கைக்காய் நாராகி, உருளைக்கிழங்கு மணல்போல நறநறக்கும். அரைத்த தேங்காய்ச் சட்னி இளகும்போது தண்ணீர் தனி, சக்கை தனி. துருவின தேங்காயாக வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. அவித்த முட்டையின் வெள்ளைக்கரு தோலாகிவிடும். அமெரிக்கக் குறிப்புகள் கொண்டாடும் முட்டை மஃபின்கூட, காய்கறி அதிகமானால் தட்டில் குளம் கட்டும். தோசையைப் பற்றிப் பேசவே வேண்டாம். தோசையின் ஆயுள் கல்லிலிருந்து தட்டு வரைதான்.

எவ்வளவு நாள் வைக்கலாம் என்ற கெடுவுக்கும் பாதுகாப்புக்கும் உள்ள உறவில் பலர் குழம்புகிறார்கள். மைனஸ் 18-லேயே நிலையாக இருந்தால் உணவு கெடாது. மாதங்கள் ஏற ஏறக் குறைவது ருசிதான். ஆனால் உறைதல் கிருமிகளைத் தூங்கவைக்குமே தவிர எல்லாவற்றையும் கொல்லாது. லிஸ்டீரியா என்ற கிருமி ஃப்ரிட்ஜுக் குளிரிலும் பெருகும். மற்றவர்களைவிடக் கர்ப்பிணிகளுக்கு அது தொற்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாய்ப்பு என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் எச்சரிக்கிறது. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குளிருக்கு அனுப்புவதும், திரும்பச் சூடாக்கும்போது நடுப்பகுதி வரை 74 டிகிரி ஏறவைப்பதும் அந்நாட்டு அறிவுரை. மைக்ரோவேவ் ஓரத்தைக் கொதிக்கவைத்து நடுவைப் பச்சையாக விட்டுவிடும் சாதனம் என்பதால், பாதியில் நிறுத்திப் புரட்டிப்போடாமல் அதை நம்பக் கூடாது.

இதையெல்லாம் விளக்கி அம்மாவைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். "பிள்ளை பெத்தவளுக்கு ஐஸ்பெட்டிச் சாப்பாடாட்டி போடுவாக?" என்ற ஒரே கேள்வியில் என் மைனஸ் 18 அடிபட்டுப்போனது. தாய் பழையதைத் தின்றால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்பது அவர் வாதம். வாதத்தில் அறிவியல் இல்லை. வெந்நீர் விட்டுக் கிளறின பொங்கல் தாய்ப்பாலைக் குளிர்விக்காது. அதனால் இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டு மேலே போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். யோசிக்க யோசிக்க அதற்குள் வேறொரு ஏற்பாடு தெரிந்தது. பெற்றவளுக்குச் சுடச்சுடத்தான் கொடுக்க வேண்டும் என்று விதி இருந்தால், அவளுக்காக வேளாவேளைக்கு அடுப்படியில் இன்னொருவர் நின்றே ஆக வேண்டும். பூண்டுக் குழம்பும் உளுந்தங்களியும் தானாக வராது. தட்டை நீட்டுகிறவர் முகத்தைப் பார்ப்பார், "நேத்து ராத்திரி தூங்குனியா?" என்று கேட்பார், காய்ச்சல் அடிக்கிறதா என்று நெற்றியைத் தொடுவார். பத்தியம் என்ற பெயரில் ஓர் ஆளை அவள் பக்கத்தில் கட்டிப்போட்டிருக்கிறார்கள்.

கட்டிப்போடப்பட்டது எப்போதும் ஒரு பெண்தான் என்பதையும் சொல்ல வேண்டும். என் முதல் பேறுகாலத்தில் அம்மா நாற்பது நாள் மதியம் படுக்கவில்லை. யாரும் அதைக் கணக்கில் வைக்கவில்லை. அந்த வகையில் ஃப்ரீசர் அம்மாக்களுக்கு விடுதலை தருகிறது என்று வாதாடலாம். ஆனால் விடுவிக்கப்பட்ட வேலை எங்கே போய்ச் சேர்கிறது? இந்த வழக்கத்தின் பெரிய ஓட்டையே இங்கேதான். பெற்றெடுத்த பிறகு யாரோ செய்ய வேண்டிய வேலையை, பெற்றெடுப்பதற்கு முன்பே அவளே செய்து முடித்துவிடுகிறாள். இருபத்து மூன்று ஈடு என்றால், ஈட்டுக்குப் பத்து நிமிடம் என்று வைத்தாலும் ஏறக்குறைய நாலு மணி நேரம், ஊறப்போட்டு ஆட்டி எடுத்ததையும் பாத்திரம் தேய்ப்பதையும் சேர்க்காமல். பாதம் வீங்கிய மாதத்தில் அந்த நாலு மணி நேரத்தை நின்றுதான் கழிக்க வேண்டும். சமையல் குறிப்புகள் இதை முன்யோசனை என்று பாராட்டுகின்றன. எனக்கு இது, ஆபீஸில் விடுப்பில் போகிறவள் பதினைந்து நாள் வேலையை முன்கூட்டியே முடித்துக் கொடுத்துவிட்டுப் போவதுபோல இருக்கிறது.

இன்னொரு குறை, நேரம் பற்றியது. இந்த வழக்கம் காலை உணவுக்கானது. பச்சைக் குழந்தை ஒரு நாளில் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை பால் குடிக்கும். பாலூட்டுகிறவளுக்கு ஒரு நாளைக்கு 330 முதல் 400 கலோரி கூடுதலாக வேண்டும், ஏறக்குறைய ஏழு இட்லி. அவளுக்குப் பசி காலை எட்டு மணிக்கு வருவதில்லை, விடியற்காலை மூன்று மணிக்கு வருகிறது. அந்நேரத்தில் எழுந்துபோய்ப் பையைப் பிரித்து ஆவியில் வைத்துக் காத்திருப்பவர் யார்? இந்த இடத்தில் குளிரே தேவைப்படாத நம் பழைய சேமிப்புகள் ஃப்ரீசரைத் தோற்கடித்துவிடும். பொருள்விளங்கா உருண்டை, எள்ளுருண்டை, சத்துமாவு லட்டு எல்லாம் கட்டில் பக்கத்து டப்பாவில் வாரக்கணக்கில் கிடக்கும், இருட்டில் கைநீட்டினால் போதும். சில வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கென்றே இடித்துவைக்கும் அங்காயப்பொடியும் இந்த வகைதான். சூடான சோறும் நெய்யும் இருந்தால் வேளை ஓடிவிடும்.

மின்சாரத்தை நம்பாதவை என்ற பெருமையும் இவற்றுக்கு உண்டு. 2021 பிப்ரவரியில் டெக்ஸாஸைப் பனிப்புயல் தாக்கியபோது 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் மின்சாரம் இழந்தன, பலருக்கு நாள்கணக்கில். நிறைந்த ஃப்ரீசர் திறக்காமல் இருந்தால் 48 மணி நேரம் தாக்குப்பிடிக்கும், பாதி காலி என்றால் 24. தங்கை வீட்டில் அப்போது மூன்றாம் நாளில் எல்லாம் இளகிக் குப்பைக்குப் போயிற்று. வெளியே எங்கு பார்த்தாலும் பனி, உள்ளே ஃப்ரீசரில் தண்ணீர் என்று இன்றும் சொல்லிச் சிரிப்பாள். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இத்தனைக்குப் பிறகும், வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். இந்த ஏற்பாட்டால் அதிகம் பயன்பெற்றது தாய் என்பதைவிட மூத்த பிள்ளை என்பதே நான் கண்டது. தம்பியோ தங்கையோ வந்த வீட்டில் ஐந்து வயதுப் பையனுக்கு எல்லாமே மாறிவிடுகிறது. காலையில் பள்ளிக்கூட பஸ் வருவதற்குள் தட்டில் விழும் இட்லி மட்டுமாவது நேற்றைய இட்லிபோலவே இருப்பது சின்ன விஷயமில்லை. எனவே என் கணக்கு வேறு. ஒரு மாதத்துக்கு வேண்டாம், பதினைந்து நாளைக்குப் போதும். அதற்குமேல் போனால் எல்லாருக்கும் அலுத்துவிடும், இர்விங் மாதிரி ஊரில் பட்டேல் பிரதர்ஸ் கடையிலேயே உறைந்த இடியாப்பமும் பரோட்டாவும் கிடைக்கும்போது மானப் பிரச்சினையும் இல்லை. தெரிந்த குடும்பங்கள் முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவருவதாகச் சொன்னால் கூச்சப்படாமல் சரி என்று சொல்ல வேண்டும். சாப்பாட்டோடு ஓர் ஆளும் வருகிறாரே. முக்கியமாக, ஈடு ஊற்றுவது வயிற்றுக்காரியின் வேலையாக இருக்கக் கூடாது.

தங்கை நாலாவது ஈட்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மிச்சத்தை மாப்பிள்ளை எடுத்துக்கொண்டார். உட்கார்ந்த இடத்திலிருந்து அவள் சொல்லச் சொல்ல, முதலில் ஊற்றிய இரண்டு ஈடு அப்பளம்போலத் தட்டையாக வந்தது. அதையும் பையில் போட்டு, மாஸ்கிங் டேப்பில் "சுமார்" என்று எழுதி ஒட்டினார். கடைசியில் உள்ளே போனது பதினோரு ஈடுதான். நவம்பரில் குழந்தை பிறந்து மூன்று வாரத்தில் அத்தனையும் தீர்ந்தது. "சுமார்" பையைத்தான் முதலில் காலி செய்தார்களாம். நாலாவது வாரம் நான் வீடியோவில் கூப்பிட்டபோது தங்கை தூங்கிக்கொண்டிருந்தாள், பையன் நாற்காலியில் ஏறி நின்று எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தான், மாப்பிள்ளை மாவு பொங்கியிருக்கிறதா என்று மூடியைத் திறந்து எனக்குக் காட்டினார்.