அரை இழுப்பு

சபாக்கில் என்ன குளிர் இருக்கிறது, வண்டிக்குச் சோக் எதற்கு என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விடிகாலையிலும் 23, 24 பாகைக்குக் கீழே இறங்காத ஊர்தான். ஆனாலும் அவர்களோடு எனக்கு என்றைக்கும் ஒத்துப்போனதில்லை. இரவு முழுக்கக் கொட்டகையில் நின்ற வண்டியின் இஞ்சின் குளிர்ந்துதான் கிடக்கும். கார்ப்புரேட்டரை விட்டுக் கிளம்பும் பெட்ரோலில் இலேசான பகுதி மட்டும் ஆவியாகும். மீதி மெனிஃபோல்டின் சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். சூடேறிவிட்டால் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்று அமைதியாக ஓடப்போகிற இஞ்சினுக்கு, அந்த முதல் அரை நிமிடம் கூடுதலாக ஊட்டத்தான் வேண்டும். எவ்வளவு கூடுதல் என்பதில்தான் ஆளின் கை தெரியும்.

சோக் குமிழின் முழு இழுப்பு இங்கிலாந்தின் சனவரி மாதத்துக்கு உரியது. நமக்கு அரை இழுப்பு.

இதை எனக்குக் காட்டியவர் எங்கள் ரப்பர் தோட்டத்தில் 109 லேண்ட்ரோவர் பிக்அப் ஓட்டிய டிரைவர் மாமா. இரண்டாம் சீரிஸ் வண்டி, 2286 சிசி பெட்ரோல் இஞ்சின், சோலெக்ஸ் கார்ப்புரேட்டர். பெரட்டு முடிந்ததும் தூரத்து நிரைகளுக்கு ஆட்களை ஏற்றிப்போவதும், பகலில் பால் கட்டிப்போகும் முன் ஸ்டோருக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் அதன் வேலை. 1982-இல் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னே தள்ளியதற்கு முந்திய காலம். ஐந்தரை மணிக்குக் கும்மிருட்டு. மண்டோர் பேர் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கொட்டகைப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வரவேண்டும். மாமா வேலைக்கு வந்த நாட்களில் அது வராமல் நான் பார்த்ததில்லை.

சோலெக்ஸைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்வேன். மற்ற கார்ப்புரேட்டர்கள் பலவற்றில் சோக் என்பது தொண்டையை மூடும் தகடு. இந்தச் சோலெக்ஸில் அப்படியல்ல. பெரிய கார்ப்புரேட்டரின் விலாவில் ஒரு குட்டிக் கார்ப்புரேட்டர் உட்கார்ந்திருக்கிறது. தனி பெட்ரோல் ஜெட், தனிக் காற்று வழி, நடுவில் துளைகள் போட்ட ஒரு வட்டத் தட்டு. குமிழை இழுத்தால் தட்டு திரும்பி வழி திறக்கும். அந்தக் குட்டிக்கு உயிர் கொடுப்பது திராட்டிலுக்குக் கீழே உண்டாகும் உறிஞ்சுதல் மட்டுமே. ஆக்சிலேட்டரை மிதித்தால் திராட்டில் திறக்கும், உறிஞ்சுதல் விழும், குட்டி பட்டினி கிடக்கும். அதனால் இந்த வண்டியைக் கிளப்பும்போது கால் மிதியின் மேல் இருக்கவே கூடாது. வேறு லோரியில் பழகிய கால் சும்மா இருக்காது, இரண்டு மூன்று மிதி மிதிக்கும். டிரைவர் மாமா விடுமுறையில் போன நாட்களில் வந்த மாற்று டிரைவர்கள் எல்லாரும் இங்கேதான் தோற்றார்கள். வண்டி கிளம்பாது, சோக் சரியில்லை என்று கிராணியிடம் போய்ச் சொல்வார்கள்.

மாமா முதலில் சோக் குமிழைத் தொடமாட்டார். பானெட்டைத் தூக்கி, வீட்டு அடுப்புக்கு மேல் காயப்போட்டிருந்த துணியால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் பிளக் வயர்களையும் துடைப்பார். பெர்ணாம் ஆற்றுப் பக்கத்திலிருந்து வரும் ஈரக்காற்று அந்த மூடியின்மேல் முத்து முத்தாகப் பூத்திருக்கும். ஒருநாள் துடைக்கும் முன்பே என்னை நிற்கவைத்து ஹேண்டலைச் சுற்றிக் காட்டினார். இருட்டில் வயர்களின் மேல் நீலமாக மினுமினுவென்று ஓடியது. "பாத்தியா, பிளக்குக்குப் போகவேண்டியது எல்லாம் வெளியில விளையாடுது" என்றார். நம் கடற்கரையோரத் தோட்டங்களில் சோக்கின்மேல் விழுந்த பழிகளில் பாதிக்கு மேல் இந்த ஈரத்தின் வேலைதான் என்பது என் முடிவு.

ஹேண்டல் சுற்றுவதையும் இன்று ஏதோ சர்க்கஸ் வித்தை மாதிரிப் பேசுகிறார்கள். அதில் நியாயமான காரணம் இருந்தது. ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலும்போது பாட்டரியின் பலத்தைக் குடித்துவிடும். காயிலுக்குப் போகும் மின்னழுத்தம் இறங்கும். பொறி வேண்டிய நேரத்தில் பொறி மெலியும். கையால் சுற்றினால் பாட்டரி முழுக்கக் காயிலுக்கே. கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, கீழிருந்து மேலே இழுப்பார். மேலிருந்து அழுத்தவே மாட்டார். உதைத்தால் மணிக்கட்டு போய்விடும்.

பிறகு குமிழ். வார நாட்களில் அரை இழுப்பு, ஒரு சுற்று, இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொள்ளும். ஞாயிறு ஓய்ந்த திங்கட்கிழமைக்கு மட்டும் வேறு முறை. ஒருநாள் முழுக்கச் சும்மா கிடந்தால் மிதவைக் கிண்ணத்தில் இலேசான பகுதி பறந்துபோய், கனத்தது மட்டும் தங்கியிருக்கும். பெட்ரோல் பம்ப்பின் அடியில் உள்ள கைநெம்பைப் பத்துப் பன்னிரண்டு தடவை அடித்துப் புதுப் பெட்ரோலை ஏற்றுவார். அப்படியே கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். அன்று மட்டும் முழு இழுப்பு. இரண்டு சுற்றில் பிடித்ததும் உடனே பாதிக்குத் தள்ளிவிடுவார்.

எனக்கு உயிரான கணம் அடுத்தது. இஞ்சின் பிடித்து, ஏழெட்டு விநாடி துள்ளலாக ஓடும். அப்புறம் சத்தம் கனக்கும். தொண்டையில் சளி கட்டிய மாதிரி ஒரு கரகரப்பு, வரிசையில் ஒரு தடுமாற்றம். இஞ்சின் போதும் என்று சொல்கிறது. சரியாக அந்த இடத்தில் குமிழை விரற்கடை உள்ளே தள்ளினால் நான்கு சிலிண்டரும் ஒரே குரலில் சேர்ந்துகொள்ளும். ஒரு விநாடி முந்தினால் இருமி அணைந்துவிடும். பிந்தினால் பிளக் கறுக்கும், பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். முன்பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு உண்டு. இஞ்சின் சூடேறிய பிறகும் சோக் வெளியே இருந்தால் எரியும். ஏழு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன். அது எரிந்து பார்த்ததில்லை. அவர் காது அந்த விளக்கை முந்திக்கொள்ளும்.

ஜெனித்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். 1960-களின் இறுதியில் சோலெக்ஸின் இடத்துக்கு ஜெனித் 36 ஐவி வந்தது. தகடு வைத்த சோக், கிளப்பும் முன் இரண்டு மிதி, எளிமை. தகட்டின் அச்சை நடுவில் வைக்காமல் ஓரம் தள்ளி வைத்திருப்பார்கள். இஞ்சின் பிடித்ததும் தன் மூச்சாலேயே தகட்டைக் கொஞ்சம் திறந்துகொள்ளும். அழகான யோசனை, மறுக்கமாட்டேன். அதன் மேல்மூடிக்கு அடியிலுள்ள ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டால் பெட்ரோல் தப்பான வழியில் கசிந்து, ஐட்லிங் கெட்டு, வண்டிக்காரர் சோக்கைத் திட்டிக்கொண்டிருப்பார். சோலெக்ஸிலும் குறை உண்டு. தட்டில் கோடு விழுந்தால் குமிழை உள்ளே தள்ளிய பிறகும் குட்டி ஊட்டிக்கொண்டே இருக்கும். மாமா அதைக் கழற்றி, கண்ணாடித் துண்டின்மேல் நைஸான அரைப்பசை தடவி எட்டு வடிவத்தில் தேய்ப்பார், முகம் முழுக்க ஒரே மங்கலாகும்வரை. அதற்கு ஒரு மத்தியானம் போகும். எனக்குச் சோலெக்ஸ்தான் பிடிக்கும். ஜெனித் தானே திறந்துகொள்வதால் மனிதனுக்கு ஒரு வேலை குறைந்துவிடுகிறது.

எந்த மாடலானாலும் கேபிள் சரியாக இருந்தால்தான் உண்டு. குமிழை முழுதாக உள்ளே தள்ளி, கார்ப்புரேட்டர் பக்கத்து நெம்பு கடைசிவரை திரும்பி நிற்கிறதா என்று பார்த்து, ஒன்றரை மில்லிமீட்டர் தளர்வு விட்டு முடுக்கவேண்டும். அந்தத் தளர்வு இல்லாவிட்டால் சோக் எப்போதும் ஒரு மயிரிழை திறந்தே கிடக்கும்; பெட்ரோல் தின்கிற வண்டி என்று பேர் வாங்கும்.

இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்ய இன்று பட்டறைகளில் ஆளில்லை. போன வருடம் ஒரு பட்டறையில் என் வண்டிக் கேபிளையே வெட்டிவிட்டு, "நம்ம ஊருக்கு இது தேவையில்லண்ணே" என்றார்கள். பளபளவென்று பெயிண்ட் அடித்து வரிசையாக நிறுத்திய பழைய லேண்ட்ரோவர்களின் உள்ளே எட்டிப் பார்த்தால், குமிழ் இருக்கிறது, அதன் பின்னால் ஒன்றுமில்லை. காலையில் கிளம்பாவிட்டால் ஏர் ஃபில்டருக்குள் ஸ்ப்ரே அடிக்கிறார்கள். பட்டென்று வெடித்துப் பிடிக்கும், கேட்கவே சகிக்காது.

தோட்டங்களும் மாறின. பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் ஊன்றிய செம்பனை, மெல்ல மெல்லப் பால்மரங்களைத் தள்ளிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தது. குலை ஏற்ற டீசல் லோரிகள் வந்தன. டீசல்காரர்களோடு எனக்குப் பகையில்லை. அவர்கள் சாவியைத் திருப்பி ஒரு விளக்கு அணையும்வரை காத்திருக்கிறார்கள். கேட்பதற்கு அங்கே ஒன்றுமில்லை.

சுங்கை பெசாரில் எனக்குத் தெரிந்தவர் வீட்டில் சோலெக்ஸ் வைத்த ஒரு 109 நிற்கிறது. ஒரு மாதமாகக் கிளம்பவில்லை, வெபர் கார்ப்புரேட்டர் வாங்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டார். விடியுமுன் போனேன். மூடியைத் துடைத்தேன், கைநெம்பை அடித்தேன், குமிழைப் பாதி இழுத்தேன். அவருடைய மகன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து வலது காலால் மிதித்துக்கொண்டே இருந்தான்.

"காலை எடு தம்பி" என்றேன்.

எடுத்தான். சாவியைத் திருப்பினான். இரண்டாவது சுற்றில் பிடித்தது. அவன் கை தானாகக் குமிழுக்குப் போனது. நான் அதன்மேல் என் கையை வைத்து நிறுத்திக்கொண்டேன், சத்தம் கனக்கட்டும் என்று.