லிஸ்பன் ஒப்பந்தம்: 'வேண்டாம்' என்பதன் இரு அர்த்தங்கள்

'அராஜகவாதி' என்றெழுதினால் ரவுடி என்றுதான் படிப்பார்கள். அரசின்மைவாதி என்றே வைத்துக்கொள்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகாரங்களை விரிவாக்கிய லிஸ்பன் ஒப்பந்தத்தை 2008 ஜூன் 12 அன்று அயர்லாந்து மக்களில் வாக்களித்தோர் 53.4 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். அந்த 'வேண்டாம்' ஒற்றைக்குரல் அல்ல. தேசத்தின் இறையாண்மை போச்சே என்று பதறியவர்களும் அதில் உண்டு. ஒர்க்கர்ஸ் சாலிடாரிட்டி மூவ்மென்ட் என்ற அரசின்மைவாத அமைப்பும் உண்டு. தேர்தலில் ஆள் அனுப்ப மறுப்பவர்கள் பொதுவாக்கெடுப்பில் மட்டும் பிரச்சாரம் செய்யலாமா? தாராளமா செய்யலாம் என்பேன். அங்கே யாரையும் பிரதிநிதியாக்கவில்லையே.

என் சிக்கல் வேறு. பிரஸ்ஸல்ஸை எதிர்க்கிற வேகத்தில் டப்ளின் அரசு, பாவம், ஏதோ பறிகொடுத்த ஆள் மாதிரி ஆகிவிடுகிறது. ஒப்பந்தமோ, உறுப்பு நாடுகள் தம் படைத்திறனைப் படிப்படியாக மேம்படுத்த வேண்டும் என்கிறது. மேலே ஓர் அதிகாரம் முளைப்பதால் கீழே உள்ள அரசு இளைத்துவிடுவதில்லை. அதற்கு இன்னும் தீனி கிடைக்கிறது. தேசியவாத 'வேண்டாம்' பார்க்க மறுத்த இடம் இது. ஜனங்கள் சொன்ன பதிலை ஏற்காதது பிரஸ்ஸல்ஸ் மட்டுமா? வாக்கெடுப்பை மறுபடி நடத்தியது டப்ளின்தான். நடுநிலைமை, கருக்கலைப்பு, வரி பற்றி உத்தரவாதங்கள் வாங்கிவந்தார்கள். இடையில் பொருளாதார நெருக்கடி வேறு. 2009 அக்டோபர் 2 அன்று 67.1 சதவீதம் 'சரி'. ஒப்பந்த வாசகத்தில் ஓரெழுத்தும் மாறவில்லை.