பஞ்சர் ஆகாத டயர்: சொல்லும் பொருளும்

பஞ்சர் என்றால் என்ன என்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பஞ்சர் ஒட்டும் கடையைத் தேடி நடந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் பாலைவனத்தில், தார்ச் சாலைக்கு வெகு தொலைவில், கல் நிறைந்த வெளியில் மோட்டார் சைக்கிளில் விரையும் பந்தய வீரருக்கு அது நேர்ந்தால் என்ன ஆகும்? அங்கே கடை இல்லை, நிழலும் இல்லை. பந்தயம் போவதோடு, சில வேளைகளில் உயிருக்கும் ஆபத்து வரலாம்.

இப்பந்தயங்கள் நமக்குத் தொடர்பற்றவை என்றும் எண்ண வேண்டாம். சவூதி அரேபியாவில் நடந்த 2024ஆம் ஆண்டு டக்கார் பந்தயத்தில் ‘ராலி 2’ பிரிவில் வென்றவர் கேரளத்து வீரர் ஹரித் நோவா. அவர் ஓட்டியது, பிரெஞ்சு ஷெர்கோ நிறுவனமும் ஓசூர் டி.வி.எஸ். நிறுவனமும் இணைந்து நடத்திய அணியின் வண்டி.

இத்தகைய பந்தயங்களுக்காக, ‘பஞ்சர் ஆகாதது’ என்ற அடைமொழியுடன் பல டயர் அமைப்புகள் விற்கப்படுகின்றன. அவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்கும் முன், அந்த அடைமொழி எவ்வளவு உண்மை என்று பார்ப்போம்.

காற்றைக் குறைப்பது ஏன்?

தார்ச் சாலையில் ஓடும் மோட்டார் சைக்கிளின் டயரில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோகிராம் காற்றழுத்தம் இருக்கும். கரடுமுரடான தரையில் ஓட்டுபவர்கள் அதை 0.8 அளவுக்குக் குறைத்துக்கொள்வார்கள். காரணத்தை ஒரு சிறு கணக்கால் அறியலாம். பின் சக்கரம் 120 கிலோகிராம் எடையைத் தாங்குவதாகக் கொள்வோம். டயர்ச் சுவரின் விறைப்பை விட்டுவிட்டால், எடையை அழுத்தத்தால் வகுத்து, டயர் தரையைத் தொடும் பரப்பைக் காணலாம். 2 கிலோ அழுத்தத்தில் அது 60 சதுர சென்டிமீட்டர், 0.8 கிலோவில் 150. பரப்பு கூடினால் மணலில் சக்கரம் புதைவது குறைகிறது. டயர் கற்களின்மீது படிந்து பிடித்துக்கொள்கிறது.

இந்த நன்மைக்கு ஒரு விலை உண்டு. காற்றுக் குறைந்த டயர் கூரிய கல்லின்மேல் வேகமாக மோதும்போது, ரிம் வரை நசுங்கிவிடுகிறது. கல்லுக்கும் ரிம்முக்கும் இடையில் அகப்பட்ட டியூபில் அருகருகே இரண்டு ஓட்டைகள் விழுகின்றன. இதை ‘பாம்புக் கடி’ என்பார்கள். முள்ளே குத்தாமல் வரும் பஞ்சர் இது! ஆகவே பந்தய வீரருக்குப் பகைகள் இரண்டு: வெளியிலிருந்து வரும் முள் ஒன்று, உள்ளிருக்கும் ரிம் மற்றொன்று.

மூன்று வழிகள்

முதல் வழி பழைய வழி. மூன்று, நான்கு மில்லிமீட்டர் தடிப்புள்ள டியூபைப் போட்டு, அதனுள் இழைகள் கலந்த அடைப்புத் திரவத்தை ஊற்றுவது. முள் குத்திய சிறு துளையின் வழியே காற்று வெளியேறும்போது, இழைகளும் அங்கே சென்று சிக்கி அடைத்துக்கொள்ளும். பாம்புக் கடியின் பெரிய கிழிசலை இது அடைக்காது. ஆயினும் டயர் லீவரும் ஒட்டுத் துண்டும் கைப்பம்பும் இருந்தால், வழியிலேயே பழுது பார்க்கலாம். காற்றைக் கூட்டிக்கொண்டு தார்ச் சாலையிலும் போகலாம்.

இரண்டாவது வழி நுரை ரப்பர் வளையம். பிரான்சின் மிஷலின் நிறுவனம் 1980களில் பாலைவனப் பந்தயங்களுக்காகக் கொண்டுவந்த ‘பிப் மூஸ்’ இவ்வகையில் புகழ்பெற்றது. ‘மூஸ்’ என்றால் பிரெஞ்சு மொழியில் நுரை என்று பொருள். எண்ணற்ற மூடிய சிறு அறைகளில் வாயு அடைபட்டிருக்கும் இந்த வளையத்தை டயருக்குள் நெருக்கித் திணித்துவிடுகிறார்கள். இதற்கு வால்வு தேவையில்லை. ஏறத்தாழ 0.9 கிலோ காற்றழுத்தத்துக்கு ஒப்பான தாங்குதிறன் இதற்கு உண்டு. ஆணி குத்தினால் சில அறைகள் மட்டுமே உடையும்; நசுங்கிக் கிழிய டியூபும் இல்லை.

மூன்றாவது வழி இரட்டை அறை. அமெரிக்காவின் ‘டியூப்லிஸ்’ இதற்கு எடுத்துக்காட்டு. ரிம்மை ஒட்டிய சிறு குழாய் ஒன்றில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7 கிலோ அழுத்தத்தில் காற்று அடைக்கப்படுகிறது. அது டயரின் இரு ஓரங்களையும் ரிம்மோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்கும். மீதி இடம் டியூப் இல்லாத டயர்போல் குறைந்த காற்றோடு இயங்கும். அதில் துளை விழுந்தால் ரப்பர்த் திரியைச் செருகி அடைக்கலாம். அக்காற்று முழுதும் போனாலும் டயர் ரிம்மைவிட்டுக் கழலாமல் மெல்ல ஓட்டிச் செல்லலாம். ஆனால் உள் குழாயின் அழுத்தத்தை ஒவ்வொரு முறையும் புறப்படும் முன் சோதிக்க வேண்டும். அது தோற்றால் அமைப்பு முழுதும் தோற்றது.

நுரையின் பகை வெப்பம்

மூன்றில் ‘பஞ்சர் ஆகாதது’ என்ற பெயருக்கு மிகவும் பொருந்துவது நுரை வளையமே. ஆனால் அதற்கும் ஒரு பகை உண்டு. ஒரு ரப்பர்ப் பந்தை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால், அது மீண்டும் ஒரு மீட்டர் எழும்புவதில்லை. குறைந்த ஆற்றலில் பெரும் பகுதி ரப்பருக்குள் வெப்பமாகிவிடுகிறது. இயற்பியலில் இப்பண்பைத் ‘தயக்கம்’ என்கிறோம். பின் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில், நுரையின் ஒவ்வொரு பகுதியும் வினாடிக்குச் சுமார் 16 முறை நசுங்கி விரிகிறது. நுரையோ வெப்பத்தை எளிதில் கடத்தாது. உண்டான சூடு உள்ளேயே தங்குகிறது. டயரோடு உராயும் சூடும் சேர்ந்துகொள்கிறது. இதற்காகத்தான் மாட்டும்போது வழுவழுப்பான பசையைத் தடவுகிறார்கள். பசை காய்ந்து சூடு மிகுந்தால், நுரை பொடிந்து உதிர்கிறது. சூடு ஏறாவிட்டாலும் நாளடைவில் அறைகளிலுள்ள வாயு கசிந்து வளையம் சுருங்குகிறது. காற்றைப்போல் அதை நிரப்பிக்கொள்ள வழியில்லை.

இவ்விடத்தில் வரலாற்றையும் நினைக்க வேண்டும். 1888இல் டன்லப் காற்று டயருக்குக் காப்புரிமை பெறுவதற்கு முன்பே கெட்டி ரப்பர் டயர்கள் இருந்தன. அவை பஞ்சர் ஆனதே இல்லை! அப்படியிருந்தும் உலகம் காற்றைத் தேர்ந்தெடுத்தது. நசுங்கும்போது பெற்ற ஆற்றலைக் காற்று ஏறக்குறைய முழுதும் திருப்பித் தருகிறது. ரப்பர் அவ்வளவு தருவதில்லை. அந்தச் சலுகைக்கு நாம் கொடுக்கும் விலையே பஞ்சர். நுரை வளையம் அந்த விலையைக் கொடுக்க மறுத்து, சலுகையில் ஒரு பங்கை இழக்கிறது.

எதைத் தேர்வது?

ஆகவே ‘பஞ்சர் ஆகாதது’ என்ற சொல் பாதி உண்மையையே சொல்கிறது. பழுது மறையவில்லை, உருமாறியிருக்கிறது. டியூப் திடீரென்று கெடும், ஆனால் அரை மணியில் சீராகும். நுரை மெல்லக் கெடும். ஒருமுறை பொடிந்தால் வழியில் செய்வதற்கு ஒன்றுமில்லை. எந்த அமைப்பு கெடாது என்று கேட்பது பயனற்றது. எப்படிக் கெட்டால் என்னால் சமாளிக்க முடியும் என்று கேட்க வேண்டும்.

ஆஸ்திரியாவின் இரும்புச் சுரங்கத்தில் 1995 முதல் நடைபெறும் எர்ஸ்பெர்க் பந்தயத்தைப் பாருங்கள். ஏறத்தாழ 35 கிலோமீட்டரை நான்கு மணி நேரத்துக்குள் கடந்தால் போதும். வேகம் குறைவு, பாறைகள் மிகுதி. வெப்பம் ஏறாது, நசுங்கலோ ஓயாது. அங்கே நுரையே சரி. 1913இல் தொடங்கிய ஆறு நாள் எண்டியூரோ பந்தயத்தில் வீரர் தம் கையாலேயே டயரை மாற்ற வேண்டும். நுரை வளையத்தை மாட்டும் கலையைப் பயின்றவருக்கு அங்கேயும் அதுவே துணை. டக்காரில் நிலைமை வேறு: தொலைவும் அதிகம், வேகமும் அதிகம். 2021இல் அங்கே பந்தயம் முழுமைக்கும் ஆறு பின் டயர்கள்தாம் என்று விதித்தார்கள். நுரை போட்டவரும் சூட்டுக்கு அஞ்சி அளந்தே ஓட்ட வேண்டியிருக்கிறது.

வார இறுதியில் மட்டும் பழகுபவருக்கோ நுரை பெரும்பாலும் வீண் செலவு. ஓட்டாத நாளிலும் அது சுருங்கும். அவருக்கு இரட்டை அறை ஏற்றது. பயிற்சித் திடலுக்குத் தார்ச் சாலை வழியே ஓட்டிச் செல்பவருக்கு நல்ல டியூபே பாதுகாப்பு. மற்ற இரண்டும் பொதுச் சாலைக்கு என்று செய்யப்பட்டவை அல்ல.

விளம்பரங்களைப் பற்றியும் ஒரு சொல். வெற்றி வீரர் பயன்படுத்தியது என்பது தக்க சான்று ஆகாது. பெரிய அணியின் வீரருக்குப் புது வளையம் மாட்டித்தர ஆளும் உண்டு, பொருளும் உண்டு. விலை கொடுத்து வாங்கும் இளைஞரோ அதே வளையத்தை மாதக்கணக்கில் ஓட்டுவார். புதிதாய் இருக்கும்போது எப்படி ஓடுகிறது என்பதோடு, ஐம்பது மணி நேரம் ஓடிய பின் எப்படி இருக்கும் என்பதையும் விற்பவரிடம் கேளுங்கள். அதற்குத் தெளிவான விடை தருபவரிடம் வாங்குவதே அறிவுடைமை.