காலில் எண் இருக்கிறது, ஏடு யாரிடம்?

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என அருகருகே கிடக்கும் அம்பாறைக் கரையோர ஊர்களில் பறவை வளர்ப்பு காசு புழங்கும் ஈடுபாடாக மாறிய பின்னர், ‘றிங் போட்ட குஞ்சு’, அதாவது காலில் எண் பொறித்த வளையம் மாட்டிய குஞ்சு, என்பதற்குத் தனி விலை சொல்லப்படுகிறது. அந்த விலைக்கு விற்பவர் தரப்பில் சொல்லப்படும் நியாயம், வளையம் பறவையின் அடையாள அட்டை என்பதாகும். களவு போனாலும் பறந்து போனாலும் அந்த எண்ணைக் காட்டி உரியவர் தம் பறவையை மீட்டுக்கொள்ளலாம் என்று வாங்குபவர் நம்பவைக்கப்படுகிறார். இந்த நியாயம் பாதிக்கு மேல் பிழையானது.

வளையத்தின் பலத்தை மறுப்பதற்கில்லை. மூடிய வளையம் என்பது ஒட்டோ வெட்டோ இல்லாத முழுவட்ட உலோக வளையம். இனத்தைப் பொறுத்து, குஞ்சு பொரித்த முதல் ஓரிரு வாரங்களுக்குள், பாதம் சிறுத்திருக்கும்போதே விரல்களைச் சேர்த்து நுழைத்துவிட்டால், கால் பருத்த பிறகு வெட்டினாலன்றி அது கழலாது. ஆகவே காட்டில் பிடித்த வளர்ந்த பறவைக்கு அதை மாட்ட முடியாது என்ற தர்க்கத்தில், இலங்கை 1979 முதல் அங்கம் வகிக்கும் சைட்டீஸ் உடன்படிக்கை, அதாவது அழிவாபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு, கூண்டில் பிறந்த பறவைக்குரிய அடையாளமாக அதை ஏற்றுக்கொள்கிறது. 2017 ஜனவரி முதல் அதன் முதலாம் பட்டியலில் இருக்கும் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியை வளர்ப்பவருக்கு இது சிறிய விடயமல்ல. ஆனால் சாதாரணக் கூண்டுகளை நிறைக்கும் பட்ஜியும் கொக்கட்டீலும், கிளியினங்களில் அந்த உடன்படிக்கை விலக்கிவைத்த நான்கில் இரண்டு. அவற்றின் காலில் கிடக்கும் வளையம் அந்த உடன்படிக்கையின் பேரில் எந்தச் சுங்க அதிகாரிக்கும் பதில் சொல்லத் தேவையில்லை.

மாற்று முறைகளும் இங்கே அதிகம் உதவுவதில்லை. மைக்ரோசிப் என்பது மின்கலமின்றி இயங்கும், ஏறக்குறைய 12 மில்லிமீற்றர் நீளமான கண்ணாடிக் குழலுக்குள் அடைத்த பதினைந்து இலக்க எண். பெருங்கிளியின் நெஞ்சுத் தசைக்குள் அது பத்திரமாக இருக்கும், முப்பது நாற்பது கிராம் எடையுள்ள பட்ஜிக்கு ஏற்ற சுமையல்ல, கண்டெடுப்பவரிடம் வாசிக்கும் கருவி இல்லாவிட்டால் இருந்தும் இல்லாததே. மரபணுச் சோதனைக்கோ ஒப்பிட்டுப் பார்க்க முன்கூட்டியே எடுத்துவைத்த மாதிரி வேண்டும்.

வளையத்தின் மீதான முதன்மை ஆட்சேபம் அதன் உலோகத்தைப் பற்றியதல்ல, அது சாட்சி சொல்லும் பொருளைப் பற்றியது. இப்பகுதி முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹப் எனும் சட்டமரபின் நூல்கள், லுகதா எனப்படும் கண்டெடுத்த பொருளைப் பற்றிய அத்தியாயத்தில், பறந்து தப்பக்கூடிய புறாவைப் பெயர் சொல்லியே பேசுகின்றன. சூடு, காதணி, கத்தரித்த சிறகு போன்ற குறிகளை அவ்விலங்குக்கு உரிமையாளர் ஒருவர் உண்டு என்பதற்கான அடையாளமாக எடுத்துக்கொள்கின்றன. அந்த உரிமையாளர் இன்னார் என்பது வேறு கேள்வி. பொருளின் அடையாளங்களைக் கூறிக் கேட்டு வருபவரின் சொல்லில் நம்பிக்கை பிறந்தால் பொருளைக் கொடுக்கலாம், ஆதாரம் வந்தால்தான் கொடுத்தே ஆகவேண்டும். பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே பிரித்துவைக்கப்பட்ட இந்த இரண்டு கேள்விகளையும் இன்றைய வளைய வியாபாரம் ஒன்றாகக் குழப்பி, முதலாவதற்கான விடையை இரண்டாவதற்கான விலைக்கு விற்கிறது.

அடையாள அட்டை என்ற உவமையே இதைக் காட்டிக்கொடுக்கிறது. அட்டைக்கு வலு அதில் அச்சிட்ட எண்ணால் வந்ததல்ல, ஆட்பதிவுத் திணைக்களத்தில் அந்த எண்ணுக்குரிய கோவை இருப்பதால் வந்தது. வளையத்தில் பொதுவாக இருப்பவை வளர்ப்பாளரின் குறியெழுத்தும் ஆண்டும் ஒரு தொடரிலக்கமும். அவை குஞ்சு பொரித்த கூட்டைச் சொல்லுமே தவிர, அதன் பின்னர் கடைக்குப் போய், அங்கிருந்து மச்சானுக்குப் போய், அவரிடமிருந்து அயலூருக்குப் போன பறவை இன்று யாருடையது என்பதைச் சொல்லாது. தொடரிலக்கத்துக்குரிய ஏடு வளர்ப்பாளரின் கொப்பியாக மட்டும் இருந்தால், கொப்பி தொலையும் நாளில் வளையம் வெறும் கொலுசு. கேட்கும் எழுத்தையும் எண்ணையும் பொறித்து வளையம் வாங்கிக்கொள்ள முடிகின்ற காலத்தில், அந்தக் கொப்பி இருந்தாலும் போதாது.

ஏடு உள்ள இடங்களிலேயே எண் தடுமாறியிருக்கிறது. 2020 டிசம்பர் இறுதியில் மெல்பேர்னில் வந்திறங்கிய ஒரு புறாவின் கால்வளையம் அதை அமெரிக்கப் பந்தயப் புறாவாகக் காட்டியதால், நோய்த்தடுப்புக்காக அதைக் கொல்ல அவுஸ்திரேலிய அதிகாரிகள் ஆயத்தமாயினர். வளையம் போலி, அந்த எண்ணுக்குரிய பறவை வேறு என்று அமெரிக்கப் பந்தயப் புறாச் சங்கம் தன் பதிவைப் பார்த்துச் சொன்ன பிறகே அது உயிர் தப்பியது. 2023 மே மாதம் மும்பைத் துறைமுகப் பகுதியில் இரண்டு வளையங்களோடு பிடிபட்ட புறா, உளவுப் பறவை என்ற ஐயத்தில் எட்டு மாதங்கள் அடைபட்டிருந்து, தாய்வானின் பந்தயப் புறா என்று தெளிந்தபின் விடுவிக்கப்பட்டது. முதலாவதைக் காப்பாற்றியது ஏடு. இரண்டாவதற்கு வளையம் இரண்டு இருந்தும் எட்டு மாத அடைப்பு தப்பவில்லை.

வளையம் போட்டு விற்பவர்கள் இதை அறியாதவர்கள் என்று கொள்வது கடினம். விற்ற திகதி, வளைய எண், வாங்கியவர் பெயர் ஆகிய மூன்றையும் எழுதிக் கையொப்பமிட்ட ஒரு பற்றுச்சீட்டு எந்தப் புதிய உலோகத்தையும் விட உரிமையை உறுதியாக நாட்டும். செலவோ ஒரு தாள். பறவை மறுபடி கைமாறும்போது அதே சீட்டின் பின்புறத்தில் அடுத்த பெயர் ஏறலாம். கண்டெடுத்தவரும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ‘கிளியொன்று அகப்பட்டிருக்கிறது’ என்பதோடு நிறுத்தி எண்ணைத் தம்மோடு வைத்துக்கொண்டால், உரிமை கோரி வருபவர் சீட்டோடு வந்து அதைச் சொல்லவேண்டியிருக்கும். சீட்டு எழுதித்தர மறுக்கும் விற்பனையாளரிடம், வளையத்துக்காகக் கூட்டிய தொகையைக் கழித்துவிட்டு மீதியைப் பேசுவதே வாங்குபவருக்கு உரிய வழி.