ஆய்தல்

சென்ற மாதம் கோட்டாறில் என் அறைக்கு வந்த கவிஞ நண்பர் புத்தக அலமாரியைப் பார்த்துவிட்டு, 'எக்லெக்டிக்கான ரஸனை' என்றார். பாராட்டாகத்தான். க.நா.சு. மொழிபெயர்த்த 'நிலவளம்', 'அன்பு வழி'. பக்கத்திலேயே துப்பறியும் நாவல்கள், சித்தர் பாடல்கள், சோவியத் வெளியீடுகள். எல்லாம் கிடக்கிறது என்பதே அவர் சொன்னதன் பொருள். இதைப் 'பல்சுவை' என்று தமிழாக்குகிறவர்களும் உண்டு. தீபாவளி மலருக்குப் பொருந்துகிற வார்த்தை.

கிரேக்க மூலத்தில் 'எக்' என்றால் வெளியே. 'லெகெய்ன்' என்றால் பொறுக்குதல். பொறுக்கி எடுப்பவனே எக்லெக்டிக். 1755-ல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் டிடெரோ, மரபையும் அதிகாரத்தையும் ஒதுக்கித் தானாகச் சிந்திக்கத் துணிபவனுக்கே இப்பெயரைக் கொடுக்கிறார். அவன் எதைத் தள்ளினான் என்பதும் கேள்வியாகிறது.

கோட்டாறு கம்போளத்திலிருந்து கீரைக்கட்டு வந்ததும் அம்மை திண்ணையில் உட்கார்ந்து ஆய்வாள். பழுப்பு, பூச்சி அரித்தது, முற்றின தண்டு ஒரு பக்கம் போகும். பல்கலைக்கழகங்கள் பெரிதாகச் சொல்லிக்கொள்ளும் 'ஆய்வு' இந்த வினையேதான். 'தெரி' என்பதும் அப்படி: அறிவதும் தேர்வதும் ஒரே சொல். இலங்கைத் தமிழர் இன்றும் தேர்ந்தெடுப்பதைத் 'தெரிவு' என்கிறார்கள். நம்மிடம் அந்தப் பாதி உதிர்ந்துவிட்டது.

க.நா.சு. (1912–1988) இந்த அர்த்தத்தில் எக்லெக்டிக். ஹாம்சனிலிருந்து லாகர்குவிஸ்ட் வரை எங்கெங்கோ போய் எடுத்தார். இங்கே கல்கியைத் தயங்காமல் ஒதுக்கினார். பட்டியல் போடுகிறார், காரணம் சொல்வதில்லை என்ற குறை அவர்மீது உண்டு. 'எழுத்து' (1959–1970) நடத்திய சி.சு. செல்லப்பா கேட்ட அலசல் அவரிடம் குறைவுதான். நியாயமான குறை. ஆனால் அவர் தள்ளியது எது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் அவரோடு சண்டை போட முடிந்தது.

நம்மோடு யாரும் சண்டை போட முடியாது. போன வருஷம் ஒரு கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதியபோது 'பலதரப்பட்ட குரல்கள்' என்று நானே எழுதியிருக்கிறேன். பாதிக்கு மேல் தேறாது என்று சொல்லாமல் தப்பிக்க அந்தச் சொல் சௌகரியமாக இருந்தது. தொகுத்தவர் அறைக்கு வந்த அதே நண்பர். மதிப்புரைக்கு நன்றி சொல்லத்தான் வந்திருந்தார்.

அவர் போனபின் தொகுப்பை மறுபடி எடுத்துப் படித்தேன். நாற்பத்தாறு கவிதைகளில் ஒன்பது நிற்கின்றன. எவை என்று அடுத்த இதழில் எழுதுகிறேன், காரணங்களோடு.