வெறுந்திரையில் தெரியும் ஆட்டம்

பலகையைப் பாராமல் சதுரங்கம் ஆடுகிறார்கள் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது அவதானம்தான். சதாவதானி நா. கதிரைவேற்பிள்ளை, செய்குத்தம்பிப் பாவலர் என்று பெயர்களைச் சொல்லி, "என்ன ஞாபகசக்தி!" என்று வியந்து அத்தோடு விட்டுவிடுவோம். அந்த வியப்புத்தான் ஆட்டத்தை ரசிக்க விடாமல் மறைக்கிறது என்பேன். அவதானி கவனத்தை நூறு திசைக்குப் பகிர்ந்து கொடுக்கிறார். 1947இல் சாவோ பாலோவில் நைதோர்ஃப் பலகை பாராமல் ஒரே நேரத்தில் 45 பேருடன் ஆடியதையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாம். ஒரே எதிராளி, ஒரே ஆட்டம் என்று வரும்போது கதை வேறு. அங்கே வேலை செய்வது ஞாபகமல்ல, பார்வை.

இதற்கு நல்ல சாட்சி, பெரும்பாலும் மொனாக்கோவில் நடந்து 2011இல் நின்றுபோன ஆம்பர் போட்டி. நெதர்லாந்துச் செல்வந்தர் யோப் வான் ஊஸ்டரோம் தன் மகள் மெலடி ஆம்பரின் பெயரில் நடத்தியது. 1992இல் விரைவு ஆட்டமாகத் தொடங்கி, அடுத்த ஆண்டு பலகை பாரா ஆட்டமும் சேர்ந்தது. பன்னிரண்டு பேர், ஒரே நாளில் ஒரே எதிராளியுடன் ஒன்று பார்க்காமல், ஒன்று பார்த்து, காய்களின் நிறம் மாற்றி. இதைவிட நேர்த்தியான ஏற்பாட்டை ஓர் ஆய்வுகூடம்கூட யோசித்திருக்காது. பார்க்காத ஆட்டத்தில் கண்ணை யாரும் கட்டியதில்லை. எதிரெதிரே இரண்டு கணினிகள். திரையில் காய் ஒன்றுமில்லாத பலகை. எதிராளியின் கடைசி நகர்வு மட்டும் எழுத்தில் தெரியும். சிலர் அந்த வெற்றுப் பலகையையும் பார்க்காமல் வேறெங்கோ பார்த்திருப்பார்கள், அது இடைஞ்சல் என்பதுபோல.

இந்த ஆட்டங்களைச் சாப்ரிஸ், ஹேர்ஸ்ட் என்ற இரு உளவியலாளர்கள் கணினியைக் கொண்டு பரிசோதித்து 2003இல் எழுதினார்கள். நிதானமான நீண்ட ஆட்டங்களைவிட விரைவு ஆட்டங்களில் பெரும்பிழைகள் கூடின. ஆனால் பலகையைப் பார்த்து ஆடிய விரைவு ஆட்டத்துக்கும் பாராமல் ஆடியதற்கும் இடையே சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. நேரம் குறைந்தது உறைத்தது; பலகை மறைந்தது உறைக்கவில்லை. பார்க்காத ஆட்டத்தில் ஒரு நகர்வுக்கு 20 விநாடி கூடுதலாகக் கிடைத்தது, பார்த்த ஆட்டத்தில் 10தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் முப்பத்திரண்டு காய்களையும் ஒவ்வொன்றாக மனத்தில் சுமக்கிறவருக்கு அந்தப் பத்து விநாடி எந்த மூலைக்கு? அவர் சுமக்கவில்லை என்பதுதான் விஷயம். எஃப்6இல் நிற்கும் குதிரை அவருக்கு ஒரு மரக்கட்டையல்ல. ஈ4, டி5, ஜி4, எச்5 என்று முன்னோக்கி நீளும் நான்கு மிரட்டல்கள்.

நம் வாவிக்கரை ஊர்களில் வடமோடிக் கூத்து நடக்கும்போது, வட்டக்களரியைச் சுற்றி இருப்பவர்களுக்கு வரவுத் தாளக்கட்டு தொடங்கியதுமே வருவது எந்த வகைப் பாத்திரம் என்று விளங்கிவிடும். யாரும் தாளத்தை மனப்பாடம் செய்ததில்லை, பழகிய காது. சதுரங்கத்தில் 1973இல் சேஸ், சைமன் என்ற ஆய்வாளர்கள் கண்டதும் அதையே: உண்மை ஆட்டத்தின் நிலையைச் சில விநாடி பார்த்தே வல்லுநர் திரும்ப அடுக்கிவிடுகிறார், தாறுமாறாக வைத்த காய்களில் அவருடைய மேன்மை அநேகமாகக் காணாமல் போகிறது.

அப்படியானால் எல்லோரும் பார்த்தும் பாராமலும் சமமாக ஆட வேண்டுமே? ஆடவில்லை. 2007 ஆம்பர் போட்டியில் பார்க்காத பிரிவில் கிராம்னிக் 11க்கு 9 எடுத்தார். பார்த்த பிரிவில் முதலிடம் 8.5 எடுத்த ஆனந்துக்கு. மயிலாடுதுறையில் பிறந்த ஆனந்த் 1997இலும் 2005இலும் இரண்டு பிரிவையும் ஒருசேர வென்றார் என்பதை அதனால்தான் பெரிதாக மதிக்கிறேன். சறுக்கல்களும் உண்டு. நெடுநேரம் அசையாமல் மூலையில் கிடந்த மந்திரி திடீரென்று குறுக்கே பாய, அதை மறந்திருந்தவர் ராணியையே பறிகொடுப்பார். சர்வதேசத் தரப்புள்ளி கணக்கில் இல்லாததால் இதை வெறும் வேடிக்கை என்றவர்களும் உண்டு. புள்ளி போய்விடும் என்ற பயமில்லாததால்தான் இத்தனை துணிச்சலான ஆட்டங்கள் பிறந்தன என்று நான் சொல்வேன். சந்தேகப்படுகிறவர்கள் ஏதாவதொரு ஆண்டின் ஆனந்த்–கிராம்னிக் ஆட்டங்கள் இரண்டையும் தலைப்பை மறைத்துவிட்டுப் பலகையில் ஆடிப் பார்க்கட்டும், எது பார்க்காமல் ஆடியது என்று கண்டுபிடிக்க முடிகிறதா என்று.