பால் வடியாத மரங்கள்

நம் தோட்டத்துக் கதைகளில் வரும் மரங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கித்தா, அப்புறம் செம்பனை. கோயிலோரம் ஒரு வேம்பு இருந்தால் அதிகம். அந்தக் கித்தா மரமும் மரமாக வருவதில்லை. கண்ணீருக்கு உவமையாக வந்து, பால் வடித்துவிட்டுப் போய்விடும்.

அகிலன் தன் நாவலுக்குப் 'பால்மரக் காட்டினிலே' என்று பெயர் வைத்தார். தோட்டத்தில் நம் பேச்சும் அதுதானே: "அம்மா காட்டுக்குப் போயிருக்காங்க." நிரை பிடித்து நட்ட ஒரே மரத்தைக் காடு என்று சொல்லிச் சொல்லியே, நிஜக் காட்டை எழுத்திலிருந்து தொலைத்துவிட்டோம்.

சரி, அந்த ஒரு மரத்தையாவது பார்த்தோமா? அமேசானில் அது மற்ற மரங்களுக்கு நடுவே தள்ளித் தள்ளி நிற்கும். 1876இல் ஹென்றி விக்காம் கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. பின்னால் ஒட்டுக்கட்டிப் பெருக்கியபோது, ஒரே மரத்தின் நகல்களே நிரை நிரையாக நின்றன. பெயரும் எழுத்தும் எண்ணும்தான்: ஆர்ஆர்ஐஎம் 600. கப்பலேறி வந்து, வரிசையில் நிறுத்தப்பட்டு, எண்ணால் அழைக்கப்பட்ட உயிர்! நம் கதைக்கு இதைவிட நெருக்கமாக என்ன வேண்டும்? கண்ணீர் உவமை இதையெல்லாம் மறைத்துவிட்டது.

பிரிக்பீல்ட்ஸ் பக்கத்தில் கோமுட்டர் ஏறினால் கெப்போங் தூரமில்லை. ஈயம் தோண்டிப் பாழான நிலத்தில் 1920களிலிருந்து நட்டு வளர்த்த வனம் அங்கே இருக்கிறது. 2025இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியக் களமாக்கியது. அங்குள்ள கப்பூர் மரங்களின் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். ஒன்றன் கிளைநுனி இன்னொன்றைத் தொடாது. இடைவெளிகளில் வானம் ஓடைபோல் தெரியும். பழைய நாளின் விலையுயர்ந்த கற்பூரம் இந்த மரத்துடையதுதான் (இன்று கடையில் வாங்கும் சூடன் வேறு). அதற்குப் பேர்போன சுமத்ராவின் பாருஸில், 1088இலேயே தமிழ் வணிகர்கள் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். கித்தாவுக்கு எண்ணூறு ஆண்டு முந்திய உறவு. இந்த மரம் நிற்கும் ஒரு தமிழ்ச் சிறுகதை என் கண்ணில் பட்டதில்லை.

அறிவியல் படித்துவிட்டு எழுதுங்கள் என்று சொல்லவில்லை. கிள்ளான் பக்கத் தோட்டத்தில் என் பாட்டி கால்வாயோரம் சுருண்டு நிற்கும் பெரணித் தளிரைக் கிள்ளிவந்து சமைப்பார். "பூச்சோக் பாக்கு" என்று மலாய்ப் பெயரைத்தான் சொல்வார். எதைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாது என்று இலையைத் திருப்பிப் பார்த்தே சொல்லிவிடுவார். அவர் மாதிரிப் பாட்டிகள் நம் கதைகளில் நிறைய உண்டு. எல்லோரும் மங்கோடு நிற்கிறார்கள். ஒருவர் கையிலும் அந்தத் தளிர் இல்லை.